எழுபது அறைக் குடிசை!

"குடிசை" என்று பெயர் வைத்தார்கள் தோழர்களே, குடிசை! சிரிக்காமல் கேளுங்கள்: அந்தக் குடிசையிலே அறைகள் மட்டும் எழுபது!

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அக்விட்னெக் என்றொரு தீவு; அதன் தென்முனையிலே நியூபோர்ட் நகரம். ரயில் பாதைகளால் கொழுத்த வாண்டர்பில்ட் குடும்பமும் அவர்களையொத்த கோடீசுவரர்களும் கோடையைக் கழிக்க வந்த இடம். ஆண்டு முழுதும் அல்ல, ஆறேழு வாரம்! அந்த ஆறேழு வாரத்துக்காக 1895-ல் எழுந்ததுதான் 'பிரேக்கர்ஸ்' மாளிகை. குளியல் தொட்டியிலே நல்ல தண்ணீருக்குத் தனிக் குழாய், கடல் நீருக்குத் தனிக் குழாய். வாசலிலே கடல் கிடக்கிறது. இறங்கிப் போய்க் குளிக்கக் கால் வலித்தது போலும்!

தம்பி மட்டும் சளைத்தவரா? மனைவியின் பிறந்தநாள் பரிசாக 1892-லேயே பளிங்கு மாளிகை கட்டி முடித்தார். செலவு ஒரு கோடியே பத்து லட்சம் டாலர். அதில் எழுபது லட்சம் பளிங்குக் கல்லுக்கே! மூன்றே ஆண்டில் மணவிலக்கு. மாளிகை அம்மையாருக்குப் போயிற்று. அதே அம்மையார் 1909-ல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு அங்கேயே கூட்டம் நடத்தினார். அதையும் சொல்லிவிடுவதுதானே நியாயம்?

மாளிகை தானாகவா நடந்தது? பிரேக்கர்சில் மட்டும் ஏறக்குறைய நாற்பது பணியாளர்கள். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த பெண்கள் இத்தகைய வீடுகளிலே ஏராளம். வேலை முடிந்த மாலையில் அவர்கள் கூடிய இடம் பாறைச் சரிவில் கடலுக்கு இறங்கும் 'நாற்பது படிகள்'. அங்கே இசை, ஆட்டம், சிரிப்பு! பளிங்குக் கூடத்து விருந்திலே பரிமாறிய கால்கள், படிக்கட்டிலே தங்களுக்காக ஆடின.

மாளிகைகளுக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை, மூன்றரை மைல் நீளம். சீமான்களின் கண்ணை உறுத்திய பாதை. வேலி போட்டார்கள், சுவர் எழுப்பினார்கள், புதர் வளர்த்தார்கள். பாதை அழியவில்லை! ஏன்? 1663-ல் இங்கிலாந்து மன்னன் கொடுத்த சாசனத்திலே மீன்பிடி உரிமை இருந்தது. மாநிலத்தின் அரசியல் சட்டமும் கரையின் உரிமை மக்களுக்கென்றே எழுதிவைத்தது. பளிங்கு மாளிகையின் தேநீர் மண்டபத்துக்கு அடியிலே சுரங்கமாய் நுழைந்து மறுபுறம் வெளிவருகிறது அந்தப் பாதை!

1913-ல் வருமான வரி வந்தது. சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்கே வீடு பாரமாயிற்று. 1948-ல் ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகைக்குப் பிரேக்கர்சைப் பாதுகாப்புச் சங்கத்திடம் பார்வைக்குத் திறந்துவிட்டார் வாரிசு அம்மையார். எழுபது லட்சத்துக்கு மேல் விழுங்கிய கட்டடம், 1972-ல் அதே சங்கத்துக்கு மூன்று லட்சத்து அறுபத்தையாயிரம் டாலருக்குக் கைமாறியது.

இன்று மாளிகைக்குள் நுழையச் சீட்டு வாங்கவேண்டும். மீனவர் பாதையில் நடக்கக் காசு கிடையாது.