தாய்க்கு வந்த ஆபத்து

மூன்று புறம் தமிழ்நாடும் ஒரு புறம் கடலுமாக அமைந்தது காரைக்கால். அதன் கரையோரத்து மீனவக் கிராமமான கருக்களாச்சேரியிலிருந்து நாகூர்ப் பக்கம் பெண் கொடுத்தவர்கள், 2020-ம் வருஷத்து ஊரடங்கில் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவர அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது.

வயிற்றிலிருக்கும் சிசுவுக்குக் கொரோனா ஒட்டிக்கொள்ளுமோ என்பதுதான் அப்போது பெரிய பயம். அது அபூர்வமாகவே நிகழ்ந்தது. ஆபத்து தாய்க்குத்தான். அவளுக்கு நோய் முற்றினால் குறைமாதப் பிரசவம் நேரலாம். சிசுக்கள் பட்ட கஷ்டம் பெரும்பாலும் அவ்வழி வந்ததே.

மும்பை நாயர் ஆஸ்பத்திரியின் கணக்கைப் பாருங்கள். நோய் கண்ட கர்ப்பிணிகளிலும் பிள்ளை பெற்றவர்களிலும், முதல் அலையில் மாண்டவர்கள் நூற்றுக்கு 0.7, 2021-ல் இரண்டாவது அலையில் 5.7! தடுப்பூசியோ அதுவரை கர்ப்பிணிகளுக்கு இல்லை. ஆரம்பப் பரிசோதனைகளில் அவர்களைச் சேர்க்கவில்லை என்பது காரணம். காப்பாற்றுவதற்காகவே ஒதுக்கி வைத்தார்களாம்! அலை தணிந்த பிறகு, 2021 ஜூலை 2-ந் தேதி அனுமதி கிடைத்தது.

நோயுற்ற தாயும் முகக்கவசம் அணிந்து, கை கழுவிப் பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-லேயே சொல்லியிருந்தும், பல இடங்களில் பிள்ளையைப் பிரித்தே வைத்தார்கள். கர்ப்ப காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவளின் எதிர்ப்புச் சக்தியோ, நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்கும் போய்ச் சேருகிறது.