ஈரத்துக்கு அஞ்சாத படிகம்

2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைச் சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். அப்போது பரவலாகப் பேசப்பட்டது ஒரு கணக்கு: அவர்கள் உருவாக்கிய துளைகள் நிறைந்த படிகங்களின் சில கிராம் தூளுக்குள் ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு அடங்கிவிடும். உண்மைதான். ஆனால் ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்க அந்தப் பரப்பு மட்டும் போதாது.

‘மோஃப்’ எனப்படும் இந்தப் படிகங்களின் அமைப்பு, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றது. முடிச்சு விழும் இடங்களில் உலோக அயனிகள்; குறுக்கும் நெடுக்குமாகக் கரிம மூலக்கூறுகள். இடையிலுள்ள வெற்றிடத்தில் வாயு தங்கும். 1999-இல் யாகி குழு அறிவித்த மோஃப்-5 துத்தநாகமும் டெரெப்தாலிக் அமிலமும் சேர்ந்தது. தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்குக்கும் அந்த அமிலம்தான் மூலப்பொருள். 300 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் சட்டகம் குலையவில்லை. ஆனால் ஈரக்காற்று பட்டால் நீர் மூலக்கூறுகள் உலோக முடிச்சுகளைத் தாக்கும்; படிகம் சிதையும். புகைபோக்கியில் ஈரம் இல்லாமல் இருக்குமா?

அதனால்தான் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசு குழு உருவாக்கிய கால்ஃப்-20 எனக்குப் பெரிய சாதனையாகப் படுகிறது. துத்தநாகம், ட்ரையசோல், ஆக்சலேட் என எல்லாமே எளிதில் கிடைக்கும் சரக்கு. ஒரு கிராமின் உட்பரப்பு சுமார் 500 சதுர மீட்டர்தான். மோஃப்-5 அதைப்போலப் பல மடங்கு. ஆனால் இதன் துளைகள் கரியமில வாயு மூலக்கூறுக்கு வாகான அளவில் அமைந்தவை. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்தை எட்டும் வரை நீரைவிட அந்த வாயுவையே விரும்பிப் பிடிக்கும். பிடிப்பில் வேதிப்பிணைப்பு இல்லை என்பதால், நீராவியைச் செலுத்தினால் விட்டும்விடும். நீராவி பட்டும் படிகம் கெடுவதில்லை. 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சிமெண்ட் ஆலையின் நிஜப் புகையிலும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

சிமெண்ட் ஆலையைத் தேர்ந்ததும் சரியான முடிவு. நிலக்கரியை நிறுத்தி வேறு எரிசக்திக்கு மாறினாலும், சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறும். அதைப் புகைபோக்கியிலேயே பிடித்தாக வேண்டும்.

பிடித்த வாயுவை மண்ணுக்கடியில் சேர்க்கவோ வேறு பொருளாக்கவோ ஆகும் செலவு தனி. ஆனாலும், உட்பரப்புச் சாதனையை முறியடிக்க இன்னொரு படிகம் செய்வதைவிட, ஏற்கெனவே உள்ளவற்றை ஆலைப் புகையில் ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பார்க்கவே இனி ஆராய்ச்சிப் பணம் போக வேண்டும்.