வசூலும் வரவேற்பும்

"அந்தப் படம் ஓடல்லயாம். அப்ப அது நல்ல படமில்ல தானே?" பெருநாள் விடுமுறைக்கு ஹேவாஹெட்டைக்கு வந்திருந்த சாச்சி கேட்டார். அவர் சொன்னது 'கொட்டுக்காளி'யைப் பற்றி. நானும் ஆமென்று தலையாட்டினேன். படத்தைப் பார்க்காமலே தலையாட்டியது பிறகு மனதை உறுத்தியது. உயர்தரத்தில் கணக்கீடு கற்பவள் என்பதால், முதலில் கணக்கிலிருந்தே தொடங்கினேன்.

வசூல் வேறு, இலாபம் வேறு. வாப்பாவின் கடையில் ஒரு நாள் விற்ற பணம் முழுவதும் எங்களுடையதல்ல. சரக்கின் விலை, வாடகை, மின்சாரம் எல்லாம் போக மிஞ்சுவதே தேறிய இலாபம். சினிமாவும் அப்படித்தான். நுழைவுச்சீட்டுப் பணத்தில் அரசுக்கு வரி போகும். திரையரங்கும் விநியோகஸ்தரும் தங்கள் பங்கை எடுப்பார்கள். எஞ்சியதே தயாரிப்பாளரைச் சேரும். ஆகவே குறைந்த செலவில் எடுத்த படம் சிறிய வசூலிலும் தப்பிவிடலாம். பெருஞ்செலவில் எடுத்த படம் பெரிய வசூலிலும் நட்டப்படலாம்.

2024ஆம் ஆண்டுத் தமிழ்ப் படங்கள் இதற்கு நல்ல உதாரணம். ஜூனில் வந்த விஜய் சேதுபதியின் 50ஆவது படமான 'மகாராஜா' பாராட்டையும் பணத்தையும் சேர்த்தே பெற்றது, சீனாவிலும் திரையிடப்பட்டது. நவம்பரில் பெருஞ்செலவில் வந்த சூர்யாவின் 'கங்குவா'வுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. அதன் காதைப் பிளக்கும் ஓசையைப் பலர் குறைகூறினர்.

ஓகஸ்ட் 23ஆம் திகதி ஒரே நாளில் இரண்டு படங்கள் வந்தன. மாரி செல்வராஜின் 'வாழை', வாழைத்தார் சுமக்கும் ஒரு பள்ளிச் சிறுவனின் கதை. இயக்குநரின் சொந்தச் சிறுபராயத்திலிருந்து பிறந்தது. கொழுந்து சுமப்போரைத் தினமும் காணும் எங்களுக்கு அந்தச் சுமை புதிதல்ல. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், மக்களும் திரண்டார்கள். பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அதற்கும் புகழ் கிடைத்தது. ஆனால் திரையரங்குகளில் கூட்டமில்லை.

ஏன்? 'வாழை' பாட்டோடும் சிரிப்போடும் அழவைக்கிறது. 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே இல்லை. மீனா என்ற பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாக நம்பி, குடும்பமே அவளை ஓட்டோவில் ஏற்றிச் செல்கிறது. அவள் அநேகமாகப் பேசுவதேயில்லை. முடிவையும் படம் சொல்வதில்லை. பொழுதுபோக்க வந்தவருக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கலாம்.

இது எங்கள் நாட்டுக்கும் புதிதல்ல. கண்டியில் பிறந்த தர்மசேன பத்திராஜ, 1970களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். சீதனத்தையும் சாதியையும் கேள்வி கேட்ட அந்தப் படம் அன்று ஓடவில்லை. இன்று ஈழத்துச் சினிமாவைப் பற்றிப் பேசுவோர் அதைத் தவறாமல் நினைவுகூருகிறார்கள்.

பிறகொரு நாள் உம்மாவோடு இருந்து 'கொட்டுக்காளி'யைப் பார்த்தேன். முடிந்ததும் உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கடைசி வரைக்கும் அந்தப் புள்ளகிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல தானே?" என்றார். அன்றிரவு நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். என் படிப்பைப் பற்றியும், நான் இதுவரை சொல்லாத சிலவற்றைப் பற்றியும்.

அடுத்த பெருநாளைக்குச் சாச்சி வரும்போது வசூல் கணக்கை விளக்கமாகச் சொல்லுவேன். அதன்பின் ஒன்றே ஒன்றைக் கேட்பேன்: "சாச்சி, நீங்க அந்தப் படத்தப் பார்த்தீங்களா?"