ஜூலை 15-ஐ நம்பாதீங்க

போன வருஷம் மே மாசம் அக்கா பையன் கேட்டான்: "ஜெர்மனி எம்.எஸ்.ஸுக்கு கடைசித் தேதி ஜூலை 15தானே மாமா?" "ஆமாடா, நிறைய டைம் இருக்கு" என்றேன். அந்தப் பதிலால் அவனுக்கு ஒரு வருஷம் போச்சு. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

அங்கே வின்டர் செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும். ஜூலை 15 பொதுவான கடைசி நாள். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல முதுகலைப் படிப்புகள் மே மாதமோ அதற்கு முன்போ மூடிவிடும். பல பல்கலைக்கழகங்களுக்கு யூனி-அசிஸ்ட் வழியாகத்தான் விண்ணப்பம். அவர்கள் சரிபார்க்கவே நாலு முதல் ஆறு வாரம். அதற்கும் முன்னால் ஏ.பி.எஸ்., அதாவது நம்ம டிகிரி அசல்தான் என்ற சான்றிதழ். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். விண்ணப்பத்தோடயே கேட்கிற இடங்களும் உண்டு. இதில்தான் நம்ம பையன் மாட்டினான். பிளாக்டு அக்கவுன்ட்டில் போட 11,904 யூரோவும் (2024 செப்டம்பர் கணக்கு) வேண்டும்.

நம்ம பாஷையில் இது டிபென்டென்சி செயின். ஒன்று முடியாமல் அடுத்தது ஓடாது. கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால், வேலை முந்தைய வருஷ அக்டோபரிலேயே ஆரம்பிக்கிறது.

இந்த முறை அவன் நவம்பரிலேயே ஏ.பி.எஸ்.ஸுக்குப் போட்டுட்டான். என்னைக் கேட்கலை. நல்லதாப் போச்சு.