நின்றாலும் சாயாத வண்டி

2011இல் பிபிசி தொகுப்பாளர் மேட் பேக்கர், ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து லண்டன் வரை ஒரு மூன்று சக்கர ரிக்‌ஷாவை மிதித்துக்கொண்டே போனார். எட்டு நாள் பயணம். ஏறத்தாழ 780 கி.மீ. ‘சில்ட்ரன் இன் நீட்’ அறக்கொடைக்கு நிதி திரட்டத் தொடங்கிய அந்த ஓட்டத்தை, அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த நிதியால் பயன்பெற்ற இளைஞர்களே ஏற்று நடத்தினார்கள். அவர்களில் மாற்றுத்திறனாளிகளும் உண்டு.

‘ட்ரைக்’ எனப்படும் மூன்று சக்கர மிதிவண்டிக்குச் சைக்கிளைவிட எடை கூடுதல், தரையில் உரசும் சக்கரமும் ஒன்று கூடுதல். அப்படியிருந்தும் நெடும்பயணத்துக்கு ட்ரைக்கை நாடுவது ஏன்?

சைக்கிள் நிமிர்ந்து நிற்பது ஓடும்வரைதான். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலும் சற்றே இடப்பக்கம் திரும்ப வேண்டும்; அப்போதுதான் சக்கரங்கள் உடலுக்கு அடியில் மீண்டும் வந்து சேரும். இந்தத் திருத்தத்தை ஓட்டுபவரின் மூளை ஓயாமல், அவர் அறியாமலே செய்துகொண்டிருக்கிறது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் தளர்ந்தவருக்கும், சிறுமூளை பாதிக்கப்பட்டவருக்கும் கால் வலு மிச்சமிருந்தாலும் இந்தத் திருத்தம் கைகூடாமல் போகலாம். மூன்றாவது சக்கரம் அந்தப் பொறுப்பை மூளையிடமிருந்து வாங்கி வடிவியலிடம் ஒப்படைக்கிறது. மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் வரும் முக்கோணத்துக்குள் எடை விழும்வரை வண்டி சாயாது.

இதன் அருமை மேட்டில் தெரியும். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில் 50 வாட் திறனோடு ஏறுபவரின் வேகம், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், மணிக்கு 3.6 கி.மீ.தான். அந்த வேகத்தில் சைக்கிள் தள்ளாடும். ட்ரைக்கில் கியரை இன்னும் குறைத்து அதிலும் பாதி வேகத்தில் ஏறலாம். மூச்சு வாங்கினால் பிரேக்கைப் பூட்டி, உட்கார்ந்த இடத்திலேயே இளைப்பாறலாம்.

மூன்று சக்கர யோசனை சைக்கிளைவிடப் பழையது. ஜெர்மனியில் நியூரம்பெர்க் அருகே ஆல்ட்டோர்ஃப் என்ற ஊரில், கால்கள் செயலிழந்த கடிகாரத் தொழிலாளி ஸ்டீபன் ஃபார்ஃப்ளர், 1655இல் தனக்கென ஒரு வண்டி செய்துகொண்டார். மூன்று சக்கரம், கைப்பிடியைச் சுற்றினால் பற்சக்கரங்கள் வழியாக முன்சக்கரம் உருளும். சைக்கிளின் மூதாதையான கார்ல் டிரைஸின் இரு சக்கர வண்டி வந்தது 1817இல்தான். நம் ஊர்த் தெருக்களில் கையால் சுற்றி ஓட்டுகிறார்களே, அந்த வண்டியும் ஃபார்ஃப்ளர் வண்டியைப் போன்றதுதான்.

மூன்றாவது சக்கரம் இலவசமாக வருவதில்லை. சைக்கிள் வளைவில் உள்பக்கம் சாய்ந்து தப்பிக்கும். ட்ரைக் சாய முடியாமல் கவிழப் பார்க்கும். அதனால்தான் இருக்கையைத் தரையோடு தாழ்த்தி, ஓட்டுபவரைக் கால் நீட்டிச் சாய வைக்கிறார்கள். முன்னால் இரு சக்கரம், அவற்றுக்கிடையே 75 செ.மீ., ஈர்ப்பு மையம் 40 செ.மீ. உயரம் என்றால், 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்குச் சுமார் 28 கி.மீ. வரை தாங்கும். அதே மையத்தை ஒரு மீட்டருக்கு உயர்த்தினால் 17, 18 கி.மீ.யிலேயே உள்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். தாழ்ந்த வண்டி லாரி ஓட்டுநர் கண்ணில் படாது என்பதால் பின்னால் நீளக் கம்பியில் கொடி ஒன்று ஆடும்.

பாதைத் தேர்வும் இயற்பியல்தான். அட்லாண்டிக் கரையில் தொடங்கிக் கருங்கடல் வரை 10 நாடுகளைக் கடக்கும் ‘யூரோவெலோ 6’ சைக்கிள் தடம், முடிந்தவரை லுவார், ரைன், டான்யூப் ஆறுகளை ஒட்டியே போகிறது. ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை சுமார் 300 கி.மீ. தூரத்துக்கு டான்யூப் இறங்குவது 150 மீட்டர்கூட இல்லை. மலையைக் குடைந்து மட்டமான வழி போடும் வேலையை ஆறு எப்போதோ முடித்து வைத்துவிட்டது.

கால்கள் அறவே அசையாதவர்? கைமிதி ட்ரைக் இருக்கிறது. அதில் இரு கைப்பிடிகளும் எதிரெதிராக அல்லாமல் ஒன்றாகவே சுற்றும். மாறிமாறிச் சுற்றினால் முதுகு முறுகி வண்டி தடம் மாறும். இன்னொரு வழி, செயலிழந்த கால்களையே மிதிக்க வைப்பது. தொடை, பிட்டத் தசைகளின் மேல் மின்முனைகளை ஒட்டுகிறார்கள். மிதியடி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஓர் உணரி சொல்ல, கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தந்தத் தசைக்கு முறைப்படி சிறு மின்துடிப்பை அனுப்புகிறது. முதுகுத்தண்டில் மூளையின் கட்டளை அறுபட்டிருந்தாலும், அதற்குக் கீழே தசைக்குப் போகும் நரம்பு பழுதில்லாமல் இருந்தால் போதும், கால் உதைக்கும். 2016இல் சூரிச் அருகே நடந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான ‘சைபத்லான்’ போட்டியில் இப்படி மிதித்தவர்கள் 750 மீட்டர் ஓடினார்கள். சிறிய தூரம்தான். இயல்பாக நடக்கும்போது தசையின் நார்கள் முறை வைத்து வேலை செய்து ஓய்வெடுக்கும். மின்துடிப்போ ஒரே நார்களைத் திரும்பத் திரும்ப எழுப்புவதால் தசை சீக்கிரம் களைத்துவிடுகிறது.

களைப்பு மட்டுமல்ல கவலை. தண்டுவடம் மேற்பகுதியில் காயமுற்றவருக்குக் காயத்துக்குக் கீழே சரிவர வியர்க்காது. வெயில் நாளில் அவர் தன்மேல் நீர் தெளித்துக்கொள்ள ஒரு தெளிப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உணர்வற்ற இடத்தில் புண் விழாதபடி அவ்வப்போது கைகளை ஊன்றி உடலைத் தூக்கவும் வேண்டும்.

இத்தனையையும் தாண்டி வரும் ட்ரைக்கைச் சில இடங்களில் இரண்டு இரும்புக் கம்பங்கள் நிறுத்திவிடுகின்றன. மோட்டார் வண்டி நுழையாமலிருக்கப் பாதை வாயிலில் நட்டவை. சைக்கிள் நுழையும், 80 செ.மீ. அகல ட்ரைக் நுழையாது. நன்கொடை வண்டியை வாங்கித் தந்துவிடும். அந்தக் கம்பங்களைத் தள்ளி நட வேண்டியது உள்ளாட்சியின் வேலை. அதற்கு அறிவியல் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.