பள்ளிக்கூட விளையாட்டும் சரக்கு வண்டியும்

திருப்பதியிலும் சித்தூரிலும் நமக்குத் தெரிந்த வீடுகளில் பிள்ளைகள் செல்போனில் என்ன விளையாடுகிறார்கள் என்று சில மாதங்களாகக் கவனித்து வருகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை, செல்போனிலும் பள்ளிக்கூடமே விளையாடுகிறது! வகுப்பறை, சீருடை, மைதானம் எல்லாம் உண்டு. பாடம் மட்டும் கிடையாது. இவற்றால் யாருக்கு, எந்த நாட்டிலிருந்து பணம் வருகிறது என்று விசாரித்ததில் தெரிந்துகொண்டவற்றை நம் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எனக்குத் தெரிந்த இரயில்வே கணக்கிலிருந்து தொடங்குகிறேன். நம் இரயில்களில் ஆண்டுக்குச் சுமார் 700 கோடிப் பயணங்கள். ஆனால் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்கு வண்டிகள் தருவது. கூட்டம் ஓரிடம், காசு வேறிடம். செல்போன் விளையாட்டும் அப்படியே. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, உலகிலேயே மிக அதிகமாக விளையாட்டுகளைப் பதிவிறக்கம் செய்யும் நாடாக இந்தியா ஆகிவிட்டது. வருமானமோ பெரும்பாலும் அமெரிக்கா, சீனா, ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து கிடைக்கிறது. (செல்போனே இங்கே தயாராகிறது என்பது வேறு விஷயம். ஸ்ரீசிட்டியில் 2015 முதல் ஷியோமி போன்கள் செய்யப்பட்டன. பெட்டி நம்முடையது, விளையாட்டு அயலாருடையது.)

உதாரணத்துக்கு 'சகுரா ஸ்கூல் சிமுலேட்டர்'. ஜப்பானில் உருவானது, ஆண்ட்ராய்டில் மட்டும் 10 கோடிக்கு மேல் பதிவிறக்கம். காசு கொடுக்க வேண்டாம். புது உடை வேண்டுமா, ஒரு விளம்பரம் பார். அந்த விளம்பரம்தான் டிக்கெட். அதே விளம்பரத்தை ஆயிரம் முறை காட்டினால் அமெரிக்காவில் கிடைப்பதில் சிறு பகுதிதான் இந்தியாவில் கிடைக்கும். ஆகவே இங்கே லாபம் பார்க்க வேண்டுமானால் பிள்ளை அதிக நேரம் உட்கார்ந்து, அதிக விளம்பரம் பார்க்க வேண்டும். சித்தூர்ப் பிள்ளை கொடுக்கும் கட்டணம் ரூபாயில் இல்லை, மாலை நேரத்தில் இருக்கிறது.

இனி சரக்கு வண்டிக்கு வருவோம். கொரியாவின் நெக்சான் நிறுவனத்தாருடைய 'புளூ ஆர்க்கைவ்' முழுக்க முழுக்கப் பள்ளி மாணவிகள் நிறைந்த ஒரு நகரைப் பற்றியது. 2021 பிப்ரவரியில் முதலில் ஜப்பானில்தான் வெளியிட்டார்கள். வருமானத்தில் பெரும்பங்கும் அங்கிருந்தே. குலுக்கல் முறையில் பாத்திரங்களை வெல்வதற்காக ஆட்டக்காரர்கள் பணம் கட்டுகிறார்கள். கட்டுபவர்கள் பெரும்பாலும் சம்பாதிக்கும் வயதினர். 2022-இல் கொரியாவிலேயே இதன் வயது வரம்பு 15-லிருந்து 18-ஆக உயர்த்தப்பட்டது. பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்து, குழந்தைகளுக்கானது என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒரே தடவை விலை கொடுத்து வாங்கும் 'புல்லி' போன்றவையும் உண்டு. 2006-இல் வந்து, 2016-இல் செல்போனுக்கு மாறியது. விடுதிப் பள்ளியில் நடக்கும் அடிதடிக் கதை. அதுவும் சிறுவர்களுக்கானதல்ல என்றாலும், கணக்கு நேர்மையானது.

வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்களுக்குத்தான் இதில் அதிக அக்கறை வேண்டும். இந்தியாவில் இணையத்தில் அட்டையைப் பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு தேவை என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே விதித்துவிட்டது. அமெரிக்க அட்டைக்குப் பல சமயம் அந்தத் தடை இல்லை. ஒரு தட்டு, பணம் போய்விடும். விடுமுறைக்குத் திருப்பதி வரும் பேரப்பிள்ளையின் கணக்கு அமெரிக்காவில் பதிவானது என்றால் விலையும் டாலரில்தான். நம் ஊரிலும் நிம்மதி இல்லை. அப்பாவின் போன்தான் பிள்ளையின் போன், ஓ.டி.பி. பிள்ளையின் கைக்கே வருகிறது. யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் பாட்டிக்குச் சொல்லிக் கொடுப்பதே பேத்திதான்!

அறியாமல் வாங்கியவர்களுக்குத் திருப்பித் தருவதற்காக, 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் எபிக் கேம்ஸ் நிறுவனம் 24.5 கோடி டாலர் கொடுக்க 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் 2023-இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதைத் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களுக்கு அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள்.

அதுவரை நாமே செய்யக்கூடியது: பிளே ஸ்டோர் அமைப்பில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றி வையுங்கள். அதைப் பிள்ளை பார்க்காத நேரத்தில் செய்வது உத்தமம். தவறிப் பணம் போய்விட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் திருப்பிக் கேளுங்கள்.