சுழல் எஞ்சினின் எதிர்காலம்

புதிய யந்திரம் ஒன்று தோன்றிவிட்டது, பழைய எஞ்சின்களுக்கு இனி வேலையில்லை என்ற முழக்கம் அடிக்கடி எழுவதை நம் நேயர்கள் கேட்டிருப்பார்கள். ஆயினும் 1876-ல் நிக்கொலாஸ் ஆட்டோ என்ற ஜெர்மானியர் இயக்கிக் காட்டிய பிஸ்டன் எஞ்சினின் வமிசமே பெட்ரோல் வண்டிகளில் இன்றளவும் ஆட்சி புரிந்து வருகிறது. அப்படியாயின் இம்முழக்கங்களை எவ்வாறு மதிப்பது? இதற்குச் சுழல் எஞ்சினின் சரித்திரம் தக்க விடை தருமென்று நம்புகிறோம்.

பிஸ்டன் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் நின்று திரும்ப வேண்டியிருக்கிறது. அதனால் அதிர்ச்சி உண்டாகிறது. நேராகச் சுழலும் யந்திரமே மேலென்று கருதியவர் பெலிக்ஸ் வாங்கெல். அவருடைய முதல் மாதிரி ஜெர்மனியின் என்.எஸ்.யு. கம்பெனியில் 1957-ல் ஓடிற்று. பின்னர் எளிமையாக்கப்பட்ட வடிவத்தில், இடை சற்றுச் சிறுத்த நீள்வட்டக் கூட்டுக்குள் பக்கங்கள் உப்பிய முக்கோணச் சுழலி ஒன்று சுற்றுகிறது. அதன் மூன்று பக்கங்களும் முறையே வாயுவை இழுத்து, அழுத்தி, எரித்து, வெளியேற்றுகின்றன. வால்வுகள் இல்லை, உறுப்புகள் சில, ஓட்டமோ வெகு மென்மை.

குறை சிறிய இடத்தில் இருந்தது. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் வாயு கசியாதபடி அடைக்கும் மெல்லிய தகடுகள் விரைவில் தேய்ந்தன. 1967-ல் வெளிவந்த 'ரோ 80' வண்டி வெகுவாகப் புகழப்பட்டும், 50,000 கிலோமீட்டர் ஓடுமுன்பே பல எஞ்சின்கள் பழுதாயின. உத்தரவாதப்படி அவற்றை மாற்றிக் கொடுத்தே கம்பெனி நலிந்தது. 1969-ல் அது வோக்ஸ்வாகன் நிர்வாகத்தின் கீழ்ச் சென்றது.

ஆனால் அணுகுண்டால் அழிந்து மீண்ட ஹிரோஷிமா நகரத்து மாஸ்தா கம்பெனி இம்முயற்சியைக் கைவிடவில்லை. கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 எஞ்சினீயர்கள் இதற்கென அமர்ந்தார்கள். கூட்டின் உட்சுவரில் விழுந்த வரிகளைப் 'பிசாசின் நகக்கீறல்' என்றே அவர்கள் அழைத்தார்கள். கார்பனில் அலுமினியம் ஊட்டிய தகட்டினால் அக்கீறலை வென்று, 1967-லேயே காஸ்மோ வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்திலும் சுழல் எஞ்சின் முதலிடம் பெற்றது.

எனினும் உழைப்பினால் வெல்லக்கூடிய குறை வேறு, வடிவத்தோடு கூடப் பிறந்த குறை வேறு. இவ்வெஞ்சினில் எரியும் அறை நீண்டு தட்டையாயிருப்பதால் உஷ்ணம் சுவர்களில் வீணாகிறது. எரியாத பெட்ரோல் புகையோடு போகிறது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது இக்குறை வெட்ட வெளிச்சமாயிற்று. பெருந்தொகைக்கு உரிமை பெற்ற அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸும் அத்திட்டத்தைக் கைவிட்டது. மாஸ்தாவின் ஆர்.எக்ஸ்.-8 வண்டியும் 2012-ல் நின்றது.

கதை இத்துடன் முடியவில்லை. 2023-ல் மாஸ்தா 830 சி.சி. அளவுள்ள ஒற்றைச் சுழலி எஞ்சினை ஒரு மின்சார வண்டியில் அமைத்தது. சக்கரங்களைச் சுழற்றுவது மின்சார மோட்டாரே. பாட்டரியின் சக்தி குறையும்போது மின்சாரம் உற்பத்தி செய்வதொன்றே எஞ்சினின் வேலை. சிறிய இடத்தில் அதிராமல் ஓடுவது இங்கே பெருங்குணமாகிறது. உலகை ஆளப் பிறந்ததென்று முழங்கப்பட்டது, தனக்கேற்ற துணைப்பணியில் அமர்ந்திருக்கிறது.

விசித்திர எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் எதிர்காலம் இத்தகையதே என்பது நமது அபிப்பிராயம். பிஸ்டனின் சிம்மாசனத்தைப் பறிக்க வருவது இனி வேறொரு எஞ்சினன்று, மின்சார மோட்டாரேயாகும். ஆகவே புதுமை என்பதற்காகப் புகழவும் வேண்டாம், விந்தை என்பதற்காக இகழவும் வேண்டாம். எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது, எத்தனை காலம் தேயாமல் உழைக்கிறது, எத்தகைய புகையைக் கக்குகிறது என்ற மூன்று கேள்விகளையே கேட்போமாக. அவற்றுக்குக் கணக்கோடு விடையளிக்கும் முயற்சிக்குப் பொருளும் பொறுமையும் தருவது தேசத்துக்கு நன்மை. விடையளிக்காத முழக்கத்துக்குக் காசு கொடுப்பது வீண்.